வைத்தியரும் பெரும்பான்மையும்

இப்சனின் 'மக்கள் பகைவன்' நாடகத்தைத் தனிமனித வீரத்தின் காவியமென்று போற்றுவோர் பலர். 1882இல் வெளிவந்த அந்நாடகத்தை அண்மையில் மீண்டும் படித்தபோது, அதன் சிறப்பு வேறோரிடத்தில் இருப்பதாக எனக்குப் பட்டது.

கடலோரச் சிறுநகர் ஒன்று. நோய் தீர்க்குமென்று பேர்பெற்ற குளிப்பகங்களை நாடி வெளியூரார் வருகின்றனர். அதனால் ஊர் பிழைக்கிறது. தோல் பதனிடும் சாலைகளின் கழிவு அந்நீரிற் கலப்பதை வைத்தியர் ஸ்டொக்மன் கண்டறிகிறார். பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிச் சோதித்த முடிவும் அவர் கையில் இருக்கிறது. பத்திரிகாசிரியரும் அச்சகத்தாரும் முதலில் அவர் பக்கமே. ஆனால், அவரது தமையனான நகராதிபதி ஒரு கணக்கை எடுத்துக்காட்டுகிறார்: குழாய்களை மாற்ற இரண்டாண்டு செல்லும், செலவைப் பங்காளர் ஏற்கார், வரியிறுப்போரே சுமக்கவேண்டும். அவ்வளவுதான்! வைத்தியரின் கட்டுரை அச்சேறவில்லை. நீரில் கிருமி உண்டா என்ற வினாவை, பணம் கட்டுவது யார் என்ற வினா விழுங்கிவிடுகிறது. இக்காட்சியில் இப்சன் ஒப்பற்ற யதார்த்தவாதி.

நான்காம் அங்கத்திலோ நாடகம் தடம் மாறுகிறது. நீரைப்பற்றிப் பேச வைத்தியருக்குக் கூட்டம் தடைவிதித்தது உண்மையே. அதற்காகப் பெரும்பான்மையே உண்மையின் எதிரி என முழங்கி, பொதுமக்களைத் தெருநாய்களோடு ஒப்பிடவேண்டுமா? முந்திய ஆண்டு 'பேய்கள்' நாடகத்துக்குக் கிடைத்த வசையின் சீற்றம் இங்கே ஒலிக்கிறது என்பர். அது விளக்கமாகலாம், நியாயமாகாது. செலவு ஏன் பங்காளர்மேல் விழக்கூடாது என்ற வினா அப்பேச்சில் எழவேயில்லை.

மக்களிடம் வேறுவிதமாகவும் செல்லலாம் என்பதற்கு நமது நாட்டிலேயே சான்றுண்டு. 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கின, நுளம்பு பெருகிற்று. விஞ்ஞானம் சொன்னது இது. கொயினாவுடன் கேகாலைக் கிராமங்களுக்குச் சென்ற சூரியமல் இயக்கத்தினர், வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க உட்பட, அங்கே பசியையும் கண்டனர். மருந்தோடு உணவும் கொடுத்தனர். ஸ்டொக்மன் வீட்டுச் சாளரங்களை உடைத்த கற்கள் அங்கே எறியப்படவில்லை. 1936இல் றுவான்வெல்லை மக்கள் என். எம். பெரேராவையும், அவிசாவளை மக்கள் பிலிப் குணவர்த்தனவையும் அரசாங்க சபைக்கு அனுப்பினர்.

நாடக முடிவில் ஸ்டொக்மன் தெருப் பையன்களைத் திரட்டிப் பாடஞ்சொல்லத் தீர்மானிக்கிறார். ஆசிரியனாகிய எனக்கு அவ்விடத்தில் அவர்மீது மீண்டும் பற்று உண்டாயிற்று. அப்பையன்கள் யார்? நான்காம் அங்கத்தில் அவர் இகழ்ந்த மக்களின் பிள்ளைகளன்றோ!