ஆறாம் திருமொழியும் பதிமூன்றாம் திருமொழியும்

ஒருத்தி ஒருவனை விட்டுப் போகாமல் இருப்பதற்கு நம் நாவல்களில் பெரும்பாலும் ஒரே காரணந்தான் சொல்லப்படுகிறது: பிரியம். கொஞ்சம் உயர்த்திச் சொல்வதானால், பொறுமை. நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இது போதவில்லை.

அமெரிக்க மனோதத்துவ அறிஞர் காரில் ரஸ்பல்ட் 1980-ல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். உறவில் கிடைக்கிற திருப்தி, வெளியே வேறு வழி உண்டா என்பது, இதுவரை அதில் போட்ட முதல் (காலம், உழைப்பு, குழந்தைகள்) ஆகிய மூன்றுமே ஒருவரை நிறுத்தி வைக்கின்றன என்றார். 1995-ல் அவரும் ஜான் மார்ட்ஸும், அடிபட்டுக் காப்பகத்துக்கு வந்த பெண்களை ஆராய்ந்தார்கள். போக்கிடம் குறைந்தவர்களும், முதல் அதிகம் போட்டவர்களுமே பெரும்பாலும் கணவனிடமோ காதலனிடமோ திரும்பிப் போனார்கள். ஆகவே, கூட இருப்பது மட்டுமே பிரியத்துக்குச் சாட்சியாகிவிடாது. பல வீடுகளில் அது கதவு சாத்தியிருப்பதற்குத்தான் சாட்சி.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். நாச்சியார் திருமொழியில் 14 திருமொழிகள், 143 பாசுரங்கள். நாயகன் வரக் காணோம். திருப்தி என்பதற்கு இடமில்லை. மனிதனோடு வாழ்வு என்ற பேச்சையே அவள் ஏற்கவில்லை. அந்தக் கதவை அவளேதான் சாத்துகிறாள். இவ்வளவும் கணக்குக்குள் அடங்கும். அடங்காதது அவளுடைய கோபம். ஆறாம் திருமொழியில் கல்யாணக் கனவு கண்டவள், பதிமூன்றாம் திருமொழியில் அதே கண்ணனை இரக்கமற்றவன் என்று ஏசுகிறாள். வைஷ்ணவக் கல்யாணங்களில் ஆறாம் திருமொழியைச் சேவிக்கிறார்கள். பதிமூன்றாம் திருமொழிக்கு அங்கே இடமில்லை.

பக்கத்து ஊரான இராஜபாளையத்தைச் சேர்ந்த மு. கு. ஜகந்நாத ராஜா, கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் பாடிய ஆண்டாள் காவியமான ஆமுக்தமால்யதாவைத் தமிழாக்கினார். 1989-ல் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் பெற்றார். காவியத்தில் அரங்கனோடு கல்யாணம் நடந்துவிடுகிறது. வாசகனுக்கு நிறைவுதான். ஆனால், முடிவு தெரிந்தபின் அவள் காத்திருந்ததெல்லாம் நல்ல வட்டியோடு திரும்பிய முதலாகிவிடுகிறது. பதிமூன்றாம் திருமொழி பாடுகிறவளுக்கு முடிவு தெரியாது. அதனால்தான் அந்தப் பாசுரங்கள் இன்றும் சுடுகின்றன.

ஆகவே, கணவனை விட்டுப் போகாத கதாநாயகியைப் பற்றி வாசகர் இரண்டு கேள்வி கேட்கலாம். அவளால் போயிருக்க முடியுமா? இருந்துகொண்டே அவனை ஏச முடியுமா? இரண்டுக்கும் இல்லை என்று பதில் வருகிற கதையில், ஆசிரியர் காதல் என்று எழுதியிருந்தாலும் நான் அதை நம்புவதில்லை.