மங்காத முகம்: வக்கீல் அஸ்ஸரின் படங்கள்

எடுவார்ட் ஐசக் அஸ்ஸர் (1809-1894) என்ற பெயரை நான் முதலில் பார்த்தது, பழைய அச்சு முறைகளைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தபோதுதான். ஆம்ஸ்டர்டாம்காரர், யூதர், தொழில் வக்கீல். 1911-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற டோபியாஸ் அஸ்ஸரும் இதே வக்கீல் குடும்பம்தான். நெதர்லாந்தின் புகைப்பட முன்னோடிகளில் ஒருவர். ஆனால் ஸ்டுடியோ வைத்துப் பிழைத்தவர் இல்லை.

1839-ல் டாகுரோடைப் முறை வெளியானது. சில வருஷங்களிலேயே அஸ்ஸர் அதில் இறங்கிவிட்டார். வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகடு, இடவலம் மாறிய பிம்பம், ஒரே ஒரு பிரதி. தகடு கெட்டால் படம் போச்சு! 1850-களில் நெகட்டிவ் எடுத்துக் காகிதத்தில் பிரதி போடும் முறைக்கு மாறினார். அவர் படம் பிடித்த ஆட்கள் யார்? பெரும்பாலும் மகள்கள், உறவினர்கள், நண்பர்கள். அப்புறம் அவரே. தன்னைத்தானே பலமுறை எடுத்திருக்கிறார்.

"வசதியான வீட்டு மனிதரின் பொழுதுபோக்கு" என்று இதை ஒதுக்கிவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அது தப்பு என்று படுகிறது. அக்கால ஸ்டுடியோ படங்களில் தூண், திரைச்சீலை, காசு கொடுத்தவரின் விறைப்பு எல்லாம் இருக்கும். அஸ்ஸருக்கு யாரையும் திருப்திப்படுத்த வேண்டிய அவசியம் இல்லை. சோதனை தப்பினால் இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் மகள் சார்லட்டின் படத்தில் ஆடை அணியைவிட முகம் முதலில் தெரிகிறது. குறையும் உண்டு. ஊர்க் காட்சிகள், பொருட்கள் எல்லாம் எடுத்தார்தான். ஆனால் மனிதர்கள் என்று வந்தால் அவருடைய உலகம் ரொம்பச் சின்னது.

காகிதப் பிரதிக்கு இன்னொரு வியாதி, வெள்ளி உப்பில் போட்ட படம் நாளடைவில் மங்கும். அச்சு மை மங்காது. 1850-களின் பிற்பாதியில் அவர் கண்டுபிடித்த முறை இதற்குத்தான். ஸ்டார்ச் பூசிய காகிதத்தில் பைக்ரோமேட் ஏற்றி, நெகட்டிவ் வழியாக வெளிச்சம் காட்டி, கொழுப்பு மை தடவி, அதைக் கல்லுக்கு மாற்றி அச்சடிப்பது. 'அஸ்ஸர் முறை' என்றே பெயர் வந்தது. பின்னால் வந்த முறைகள் அதை ஓரங்கட்டிவிட்டன.

இந்தக் கண்டுபிடிப்பைத் தனியாகவும், குடும்பப் படங்களைத் தனியாகவும் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. முகங்களை இவ்வளவு பொறுமையாக எடுத்த ஒருவருக்குத்தான் அவை மங்குவது பொறுக்காது. முறை காலாவதியாகிவிட்டது. முகங்கள் இன்னும் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கின்றன. முடிந்தால் சார்லட்டை ஒருமுறை பாருங்கள்.