முழங்காலுக்குக் கீழே பாருங்கள்

ஆளுநர் கிண்ணத்தை எந்தக் குதிரை தட்டிச் சென்றது என்ற பேச்சு நுவரெலியாவில் ஏப்ரல் முழுக்க ஓயாது. அதே பருவத்தில் கடைசி இடங்களுக்கே பழகிப்போன குதிரை மே மாதத்தில் எங்கே நிற்கிறது என்று கேட்பாரில்லை. வேகம் போதவில்லை என்று நான்கு வயதில் கழிக்கப்படும் குதிரைக்கு, ஒழுங்காகக் கவனித்தால், இன்னும் இருபது ஆண்டு ஆயுள் உண்டு. சில குதிரைகள் கிரகரி வாவிக் கரையில் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கின்றன. சில தனியார் கைக்குப் போய், சவாரிக்கும் தடைதாண்டலுக்கும் பழகுகின்றன. அப்படிக் கைமாறும்போது வாங்குபவர் எதைப் பார்க்க வேண்டும்?

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நான்கு வயது, காயடித்த ஆண், இந்தியாவில் பிறந்த தரோபிரெட் இனப் பந்தயக் குதிரை. நுவரெலியாவில் சில ஓட்டங்கள் ஓடிவிட்டு, லொறியில் மலையிறங்கி மாத்தளை மாவட்டத்தின் வஹகோட்டைக்கு வருகிறது. கலேவெலப் பக்கத்து ஊர். புனித அந்தோனியார் ஆலயத்தால் பெயர்பெற்றது. போர்த்துக்கேயர் வழிவந்தவர்கள் என்று தங்கள் பூர்வீகத்தைச் சொல்லும் குடும்பங்கள் வாழுமிடம். குதிரை இதுவரை நின்றது 1868 மீற்றர் உயரத்தில், குளிரில், புல்தரையில். இனி நிற்கப்போவது வெயில் காலத்தில் செங்கல்லாய் இறுகி, வடகீழ் மழைக்குச் சேறாகும் மண்ணில். அதே கால்கள்தான், ஆனால் மலையில் சொன்ன தீர்ப்பு கீழே செல்லாது. எந்த வேலைக்கு, எந்தத் தரையில் என்று கேட்காமல் குதிரையின் உடலமைப்புக்கு மதிப்பெண் போடுவது வீண் வேலை. என் கட்சி இதுதான்.

இப்போதெல்லாம் முதல் பார்வை வட்ஸ்அப்பில்தான். தலைக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தில் தலை பெருத்து, பின்பாகம் சிறுத்துத் தெரியும். மேட்டில் முன்னங்கால்களை வைத்து நிறுத்தினால் எந்தக் குதிரைக்கும் கம்பீரம் வந்துவிடும். குளம்புகள் புல்லுக்குள் புதைந்திருந்தால் பார்க்க வேண்டிய பாதி மறைந்தது. சமதரையில், நான்கு காலும் தெரிய, பக்கவாட்டிலிருந்து உடலின் நடுப்பகுதிக்கு நேரே நின்று ஒரு படம், முன்னிருந்து ஒன்று, பின்னிருந்து ஒன்று. அதன்பின் நேரே நடந்து போய்த் திரும்பி வரும் காணொளி. இதைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் விலை பேச வேண்டியதில்லை.

படத்தில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் உடலமைப்பே அல்ல, உடல்நிலை. பந்தயப் பயிற்சியிலிருந்து இறங்கிய குதிரையின் விலா தெரியும், வயிறு ஒட்டியிருக்கும், கழுத்தின் மேல்விளிம்பு சப்பையாகவும் கீழ்விளிம்பு புடைத்தும் இருக்கும். கழுத்து தலைகீழாய்ப் பொருந்தியிருக்கிறது என்று பலர் அங்கேயே முகம் சுளித்துவிடுகிறார்கள். கழுத்து தோளில் எங்கே வந்து இணைகிறது என்பது எலும்பின் கணக்கு, அது மாறாது. அதன் மேலுள்ள தசை தீவனமும் பயிற்சியும் தருவது. ஆறு மாதத்தில் வேறொரு குதிரையாகத் தெரியும். மாறக்கூடியதைக் குறை சொல்லி விலையைக் குறைக்கலாம். அதற்காகக் குதிரையையே வேண்டாம் என்பது அவசரம்.

வயதையும் சரியாகக் கணக்கிட வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பிறக்கும் தரோபிரெட் எல்லாவற்றுக்கும் ஏட்டில் பிறந்தநாள் ஜனவரி 1தான். மே மாதத்தில் பிறந்த குட்டியும் அடுத்த ஜனவரியில் ஒரு வயது. அதனால் ஏட்டில் நான்கு என்றிருப்பது உண்மையில் மூன்றரையாக இருக்கலாம். வாயைத் திறந்து பாருங்கள்: முன்பற்கள் இரண்டரை, மூன்றரை, நான்கரை வயதுகளில் இணை இணையாக விழுந்து முளைக்கும், ஐந்தில் வாய் நிறையும். முழங்காலுக்கு மேலுள்ள எலும்பின் வளர்ச்சித்தட்டு ஏறத்தாழ இரண்டரை வயதில் மூடிவிடும். முதுகெலும்பு முதிர ஐந்தாறு வயதாகும். நமது குதிரையின் பிட்டம் தோள்மேட்டைவிட இரண்டு விரல் உயர்ந்து நிற்கிறதென்றால், அது இன்னும் சமன்படலாம். ஏழு வயதுக் குதிரையில் அதே இரண்டு விரல் நிரந்தரம். சவாரிக்காரர் எப்போதும் இறக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் உணர்வார், முன்னங்கால்களும் கூடுதல் சுமை தாங்கும்.

இலட்சிய அளவுகள் என்றொரு பட்டியலைச் சிலர் கையில் வைத்திருப்பார்கள். தோள் 45 பாகைச் சாய்வு, கழுத்து இவ்வளவு, முதுகு இவ்வளவு. அவர்களுக்கு எக்லிப்ஸ் கதை சொல்ல வேண்டும். 1764இல் பிறந்து, ஓடிய 18 பந்தயங்களிலும் தோற்காத ஆங்கிலேயக் குதிரை அது. 1789இல் இறந்ததும் சார்லஸ் வியால் த சான்பெல் என்ற பிரெஞ்சு மிருக வைத்தியர் அதன் உடலை அங்குலம் அங்குலமாக அளந்தார். அன்றைய பாடப்புத்தகங்களின் இலட்சிய விகிதங்களோடு அந்த அளவுகள் ஒத்துப்போகவில்லை. அந்த எலும்புக்கூடு இன்றும் இங்கிலாந்தின் றோயல் மிருக வைத்தியக் கல்லூரியில் இருக்கிறது.

சரி, கால்களுக்கு வருவோம். குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 வீதம் முன்னங்கால்களில் விழுகிறது. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. மார்புக்கூடு இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே தசைகளில்தான் தொங்குகிறது. நாம் முன்னங்காலின் முழங்கால் என்று சொல்லும் மூட்டு, எலும்புக் கணக்கில் நமது மணிக்கட்டு. அதற்குக் கீழே சதை என்று எதுவும் இல்லை: எலும்பு, தசைநார், தோல், குளம்பு, அவ்வளவுதான். நாலுகால் பாய்ச்சலில் ஒற்றை முன்னங்காலில் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு வரை விசை இறங்கும். பந்தயக் குதிரைகளின் வாழ்க்கை பெரும்பாலும் முடிவது இந்தச் சதையில்லாத பகுதியில்தான்.

ஆகவே குனிந்து, கையால் தடவிப் பாருங்கள். முழங்காலின் பின்புறத்திலிருந்து கணு வரை தசைநார் கயிறுபோல் நேராக, குளிர்ச்சியாக இறங்க வேண்டும். நடுவில் வில்லாகப் புடைத்திருந்தால் பழைய கிழிசல். ஆறினாலும் பழைய நெகிழ்ச்சி திரும்பாது. ஒரு காலில் மட்டும் சூடு என்றால் காயம் புதிது. இந்த நூறு ரூபாய்ச் செலவில்லாத சோதனையைச் செய்யாமல், நெற்றி வெள்ளையையும் வால் நீளத்தையும் பார்த்து இலட்சங்களை எண்ணிக் கொடுப்பவர்களை என்ன சொல்வது!

வடிவக் குறைகளில் மோசமானது என்று பழைய கைகள் சொல்வது, பக்கவாட்டில் பார்க்கையில் முழங்கால் பின்னோக்கி வளைந்திருப்பது. ஒவ்வோர் அடியிலும் மூட்டின் முன்விளிம்பு எலும்புகள் ஒன்றையொன்று நசுக்கும் என்பது அச்சம். நியாயமான அச்சம்தான். ஆனாலும் அமெரிக்காவின் ஜோன் ஹென்றியை நினைக்காமல் இருக்க முடியாது. அந்தக் குறையுடன் பிறந்ததால் ஒரு வயதில் 1,100 டொலருக்கு விற்கப்பட்ட குதிரை, 83 ஓட்டங்களில் 39ஐ வென்று, 65 இலட்சம் டொலருக்கு மேல் சம்பாதித்தது; 1981, 1984 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆண்டின் சிறந்த குதிரையானது. ஒரு ஜோன் ஹென்றியை வைத்து விதியை மாற்றிவிட முடியாது. ஓடி முடித்த குதிரையின் காலில், வளைவோடு அந்த வளைவு என்ன சேதம் செய்திருக்கிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

முன்னிருந்து பார்ப்போம். நமது குதிரையின் முழங்கால்கள் இலேசாக உள்நோக்கிச் சாய்ந்து, அதற்குக் கீழே கால் சற்று வெளிப்பக்கம் போகிறது. பட்டியல்காரர்கள் உடனே மதிப்பெண் குறைப்பார்கள். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வெய்ன் மெக்கில்ரெய்த் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பந்தயத் தரோபிரெட்களை அளந்து 2004இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது: இந்தச் சாய்வு கூடக்கூட, முழங்கால் மூட்டில் முறிவும் நீர்க்கோர்வையும் வரும் வாய்ப்புக் குறைந்தது. மாறாக, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மூட்டின் மையத்தில் இறங்காமல் வெளிப்பக்கமாக ஒதுங்கியிருந்த குதிரைகளுக்குக் கணு மூட்டுத் தொல்லை கூடியது. இரண்டும் தூரத்துப் பார்வைக்கு ஒரே கோணலாகத் தெரியும்.

பந்தயம் ஓடிய இளங்குதிரையில் இருக்கும் அனுகூலமே இதுதான். ஓடாத குட்டியின் கோணல் வெறும் ஊகம். இரண்டு பருவம் ஓடியும் மூட்டு வீங்காமல், நார் புடைக்காமல் நிற்கும் கோணல் கால் ஏற்கெனவே பரீட்சை எழுதித் தேறிவிட்டது. நேர்கோடாய் நிற்கும் அழகுக் காலில் ஒரு வில் புடைப்பு இருந்தால், நான் கோணல் காலைத்தான் எடுப்பேன்.

குளம்பு தனிக் கவலை. நுனி நீண்டு குதி தாழ்ந்த குளம்பு பந்தயக் குதிரைகளில் சர்வசாதாரணம். குளம்புச் சுவரும் அடிப்பாகமும் மெல்லியவை. புல்தரையில் இது மறைந்து கிடக்கும். வஹகோட்டையின் வேனிற்கால மண்ணில் முதல் வாரமே கல் குத்தி நொண்டும். கணுவிலிருந்து குளம்புக்குச் சாயும் பகுதியும் குளம்பின் முன்முகமும் ஒரே கோட்டில் வர வேண்டும். வராவிட்டால், குறை பிறப்பிலா லாடம் அடித்தவரிடமா என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான், அது நல்ல சேதி. மேலிருந்து புதுக்குளம்பு நுனிவரை வளர்ந்திறங்க ஒன்பது முதல் பன்னிரண்டு மாதமாகும். அவ்வளவு காலம் பொறுக்க முடியாதவர், குளம்புக்குப் பெயர்போன வேறு குதிரையைத் தேடட்டும். நெடுந்தீவின் மட்டக்குதிரைகளைப் பாருங்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போனவை என்கிறார்கள். முருகைக்கல் தரையில், வைத்தியரும் லாடமும் இல்லாமல், தலைமுறை தலைமுறையாகத் தரையே அவற்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. தரோபிரெட்டைத் தேர்ந்தெடுத்தது கடிகாரம்.

பின்பாகத்தை விரைவாகக் கடக்கலாம். பின்னங்கால் மடிப்பு அரிவாள்போல் அதிகம் வளைந்திருந்தால் தடைதாண்டலில் சுளுக்கும். நிமிர்ந்து தூணாய் இருந்தால் கணுவைத் தாங்கும் நார் நோகும். தோள்மேடு உயர்ந்த இனமாதலால் சேணம் பொருந்துகிறதா என்பது பெரிய விடயம். முதுகில் விரலால் அழுத்தும்போது குதிரை பதறித் தாழ்ந்தால், முதுகெலும்பு முட்கள் ஒன்றோடொன்று உரசுகின்றனவா என்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இந்த இனத்தில் அது அரிதல்ல.

சுழி பார்ப்பவர்கள் கோபிக்க வேண்டாம். ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடி மாதத்தில் கூடும் குதிரைச் சந்தையில் இன்றும் சுழி சுத்தமா என்பதுதான் முதல் கேள்வி. நெற்றிச் சுழி நொண்டுமா என்று சொல்லாது. ஆனால் சுழி தேடிக் குதிரையை முழுக்கச் சுற்றி வருபவர், படத்தை மட்டும் பார்த்து வாங்குபவரைவிட நிச்சயம் அதிகம் பார்த்திருப்பார்.

தோற்ற பந்தயக் குதிரை எவ்வளவு தூரம் போகலாம்? ஆறு முறை ஓடி ஒரு முறைகூட இடம் பிடிக்காத ஸ்டில்லஸ்பில் என்ற பெண் குதிரை, டச் ஒஃப் கிளாஸ் என்று பெயர் மாறி, ஜோ ஃபார்கிஸின் சவாரியில் 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தடைதாண்டலில் இரண்டு தங்கம் வென்றது. தாண்டிய 91 தடைகளில் தட்டியது ஒன்றே ஒன்று. அதன் உயரமும் பெரிதல்ல, குதிரைகளை அளக்கும் ‘கை’ அலகில் ஏறத்தாழ 16தான்.

நமது வஹகோட்டைக் குதிரையை ஒலிம்பிக்குக்கு அனுப்பப்போவதில்லை. கோணல் இருந்தும் நார் சுத்தம். பிட்டம் உயர்ந்தும் வயது இளசு. குளம்பு கெட்டிருந்தும் திருத்தக்கூடியது. வாங்கலாம். முதல் நான்கு மாதம் மேய்ச்சலும் நடையும் மட்டும், தாண்டல் ஐந்து வயதுக்குப் பிறகு, வேனிலில் இறுகிய தரையில் பாய்ச்சல் வேண்டாம். எடையிலும் கறார் வேண்டும். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் எட்டுக் குதிரைகளில் வெவ்வேறு சுமையேற்றிப் பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், குதிரை எடையில் கால்பங்கைச் சுமை எட்டியபோது தசைவலி தென்பட்டது. ஐந்தில் ஒரு பங்குவரை பெரிதாகத் தெரியவில்லை. நமது குதிரை 450 கிலோ என்றால், சேணத்தோடு சேர்த்து 90 கிலோ. அதைத் தாண்டியவர் கீழே நின்று கடிவாளத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.