குருத்தோலையின் மடிப்பு

குருத்தோலை ஒன்றைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெயிலின் முகத்தை இன்னும் பார்க்காத ஓலை அது. பச்சை ஏறவில்லை. வெளிர் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் நடுவே, பெயர் வைக்கவே மனம் வராத ஒரு மென்னிறம். அடியிலிருந்து நுனி வரைக்கும் மயிரிழை நரம்புகள் ஓடுகின்றன. ஒன்றையொன்று தொடுவதும் இல்லை, ஒன்றையொன்று விட்டு விலகுவதும் இல்லை. நடுவே ஈர்க்கு. அதை நகத்தால் கீறி ஒரே இழுப்பில் உரிக்கும்போது சர்ரென்று ஒரு மெல்லிய ஓசை எழும். பிள்ளைகள் அந்த ஓசைக்காகவே இன்னோர் ஓலை கேட்பார்கள். எனக்கும் அந்த ஆசை போகவில்லை.

மலேசியாவின் ஹுத்தான் மெலிந்தாங்கில் தென்னையைத் தேடிப் போக வேண்டியதில்லை. பெர்ணம் ஆற்றின் இந்தக் கரையிலிருந்து பாகான் டத்தோ வரைக்கும் தென்னையும் செம்பனையும்தான் நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. மலேசியாவில் தேங்காய் என்றாலே பாகான் டத்தோ நினைவுக்கு வரும். குட்டைத் தென்னையோடு பிலிப்பைன்ஸ் நாட்டு தக்னானான் நெட்டையைச் சேர்த்து உருவாக்கிய மாத்தாக் கன்றும் அருகிலுள்ள ஜெண்டராட்டா தோட்டத்தின் ஆராய்ச்சிப் பிரிவோடு தொடர்புடையதுதான். மரம் எத்தனை இருந்தாலும் குருத்து மட்டும் எளிதில் கிடைக்காது. தென்னைக்கு வளரும் உச்சி ஒன்றே ஒன்று. அது போனால் மரமே போயிற்று. அதனால் பெரியவர்கள் குருத்துக்கு ஆசைப்பட்டு நல்ல மரத்தில் கை வைக்க விடமாட்டார்கள். எங்காவது கிழமரம் சாய்க்கப்படும்போது சொல்லி வைத்து வாங்கி, ஈரத்துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அப்படி வந்த ஓலையைப் பிள்ளைகள் தொடும் விதமே தனி. கைகள் தாமாகவே அடக்கமாகிவிடுகின்றன.

இப்போது மடிப்புக்கு வருவோம். நான் உங்களை இங்கே அழைத்ததே அதற்காகத்தான்.

முற்றிய ஓலையை மடித்தால் முறியும். முறிந்த இடத்தில் வெண்கோடு விழும். பிறகு அது ஒருநாளும் சரியாகாது. குருத்தோலை அப்படியன்று. நரம்போடு நரம்பாக நீளவாக்கில் மடித்தால் சொல்லுமுன்னே மடிந்துகொள்ளும். குறுக்காக மடித்தால் ஒரு கணம் தயங்கும். கட்டைவிரல் நகத்தால் மெல்ல நீவினால் சம்மதிக்கும். தவறாக மடித்துவிட்டாலும் பிரித்து மறுபடி மடிக்கலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பொறுமையான ஆசிரியர் யார் கிடைப்பார்? அந்த நீவலைப் பாருங்கள். பிள்ளையின் நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும். மூச்சு அரைக்கணம் நிற்கும். நகம் கோட்டின் மேல் வழுக்கிப் போய் முனையில் நிற்கும். அதன் பிறகுதான் கண் நிமிர்ந்து நம்மைப் பார்க்கும்.

குருத்தோலைத் தோரணத்தில் தொங்கும் ஓலைக்குருவி பிறக்கும் அழகை இனிச் சொல்கிறேன். ஓலையை ஈர்க்கின் இருபுறமும் பிளந்து, ஒரு பாதியைத் தன் மேலேயே திருப்பி, விழுந்த வளையத்துக்குள் நுழைத்து இழுக்க வேண்டும். பாதி வழியில் அது வெறும் முடிச்சு. இன்னும் கொஞ்சம் இழுத்தால் ஓரிடம் கூர்ந்து அலகாகிறது. எதிர்ப்பக்கம் அகன்று சிறகாகிறது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது, எந்த நொடியில் என்று சொல்ல முடியாதபடி, முடிச்சு போய்க் குருவி வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்த நேரத்தில் அவசரப்படும் பையனைப் பார்த்துப் பாட்டி, “மெதுவா இழுடா தம்பி, குருவி பயந்துடும்” என்பார். செய்முறை விளக்கம் இதற்கு மேல் எதற்கு? எவ்வளவு விசையோடு இழுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எல்லாம் அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. கதை என்ற பெயர் இல்லாமலே ஒரு கதையும் அதற்குள் இருக்கிறது.

குருவிகளை எத்தனை வைப்பது, தலை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்கும் முறை உண்டு. மங்கலத்துக்குக் கட்டும் தோரணம் வேறு, துக்க வீட்டுத் தோரணம் வேறு. பிள்ளை தெரியாமல் மாற்றி முடிந்துவிட்டால் பெரியவர்கள் கடிந்துகொள்ளாமல் அவிழ்த்துக் கையில் கொடுப்பார்கள். ஒவ்வோர் ஓலையையும் கயிற்றின் மேல் மடித்துப் போட்டு, ஒடித்த ஈர்க்குத் துண்டால் குத்தி நிறுத்துவார்கள். ஊசி இல்லை, பசை இல்லை. ஓலையிலிருந்து உரித்த ஈர்க்கே ஓலையைத் தாங்குகிறது. அந்தச் சிக்கனத்தின் அழகை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் திகட்டுவதில்லை.

அதே குருத்தோலை பக்கத்துக் கம்பத்து வீட்டில் வேறு உருக்கொள்ளும். நோன்புப் பெருநாள் நெருங்கும்போது மலாய்க்காரப் பிள்ளைகள் இரண்டு ஓலைகளைக் கைக்கொன்றாகச் சுற்றிக்கொண்டு கெத்துப்பாட் கூடு பின்ன உட்கார்ந்துவிடுவார்கள். உள்ளங்கையில் சுற்றிய ஓலைகள் மேலும் கீழும் மாறி மாறி நுழைந்து, கடைசியில் ஒவ்வோர் இழையாக இறுக்கப்பட, உள்ளே வெற்றிடத்தைப் பொத்தி வைத்த ஒரு குட்டிப் பெட்டி உருவாகும். அரிசி அந்த வெற்றிடத்தில்தான் வேகப்போகிறது. அரிசியைப் பாதியளவுக்கு மேல் போடக்கூடாது. வெந்து பெருக இடம் வேண்டும். நம் பிள்ளைக்குக் குருவி தெரியும், அந்தப் பிள்ளைக்குக் கூடு தெரியும். திண்ணையில் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் வித்தை கைமாறிவிடும். பெரியவர்கள் இதற்கென்று ஒற்றுமைக் கூட்டம் நடத்த வேண்டியதே இல்லை.

ஜெண்டராட்டாவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? 1906இல் அங்கே ரப்பர்த் தோட்டம் தொடங்கியவர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டென்மார்க்குப் பொறியாளர். இன்றைய யுனைடெட் பிளாண்டேஷன்ஸின் வேர் அதுதான். ‘அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா’ எழுதிய கரென் பிளிக்சனுக்கு அவர் தாய்மாமன். கென்யாவில் அந்த அம்மையாரின் காப்பித் தோட்டத்தை நடத்திய நிறுவனத்துக்கும் மாமன்தான் தலைவர். நம் மக்கள் வியர்வை சிந்திய ஒரு பால்மரக் காட்டிலிருந்து உலக இலக்கியத்துக்கு இப்படி ஒரு வழி போகிறது. ஆனால் டென்மார்க்கு என்றதும் என் மனம் தாவுவது பிளிக்சனிடம் அன்று. கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கும் ஆண்டர்சனிடம்.

ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனைக் கதைக்காரராக எல்லாருக்கும் தெரியும். அவர் தாள் வெட்டுவதிலும் தேர்ந்த கலைஞர். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்க, தாளை மடித்து வைத்துக்கொண்டு, கதை சொல்லியபடியே பெரிய கத்தரியால் வெட்டிக்கொண்டு போவார். வெட்டுத் துண்டுகள் மடியில் உதிரும். என்ன உருவம் வரப்போகிறதென்று எவருக்கும் தெரியாது. கதை முடியும்போது மடிப்பைப் பிரிப்பார்: நடனமாடும் பெண்கள், அன்னங்கள், கோட்டைகள், இருபுறமும் ஒன்றுபோல். அந்தத் தாள்களில் பல இன்றும் அவர் பிறந்த ஓடென்சே நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மடிப்பு என்பது அவருக்கு ஒரு மறைப்பு. கதையின் முடிவை எப்படி ஒளித்து வைத்தாரோ அப்படியே உருவத்தையும் ஒளித்து வைத்தார். பாட்டி முடிச்சுக்குள் குருவியை வைத்திருந்ததும் இதே தந்திரம்தான். ஓடென்சேக்கும் ஹுத்தான் மெலிந்தாங்குக்கும் எத்தனை கடல் இடைவெளி! கையும் கதையும் ஒன்றாக நடந்தால் பிள்ளை எழுந்து போகாது என்பது இரண்டு ஊரிலும் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஓலையிலிருந்து தாளுக்கு மாறுவதில் பிள்ளைகளுக்குச் சிரமமே இருப்பதில்லை. தாளுக்கும் நரம்போட்டம் உண்டு. ஒரு தாளை நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இணங்கும், மறுபக்கம் முரண்டும். இணங்கும் பக்கம்தான் அதன் ஓட்டம். நல்ல புத்தகத்தின் முதுகு அந்த ஓட்டத்தோடு இருப்பதால்தான் ஏடு அலுங்காமல் திரும்புகிறது. குருத்தோலையை நீவிய விரலுக்கு இதை வாயால் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே தாளில் எட்டுப் பக்கப் புத்தகம் செய்யும் வித்தையைப் பல பள்ளிகளில் பிள்ளைகள் செய்கிறார்கள். தாளை மூன்று முறை மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் விழும். குறுக்கே பாதியாக மடித்து, மடித்த விளிம்பின் நடுவிலிருந்து அடுத்த கோடு வரைக்கும் மட்டும் ஒரு வெட்டு. பிறகு நீளவாக்கில் மடித்து இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ள வேண்டும். வெட்டு வாய் திறக்கும், தாள் நாலாபுறமும் விரியும், அடுத்த நொடி தானே சுருங்கிப் புத்தகமாகப் படுத்துக்கொள்ளும். முன்னட்டை, பின்னட்டை, நடுவே ஆறு பக்கம். பசை ஒரு துளி கிடையாது. சட்டையை மாற்றிப் போட்டால் உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி, பிள்ளை அந்தத் திறப்பை நம்ப முடியாமல் மறுபடி பிரித்து மறுபடி தள்ளும். ஒரு வரிகூட எழுதாத அந்தப் புத்தகத்தை அது ஏற்கெனவே வாசிக்கத் தொடங்கிவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குத் தையல் புத்தகம். நாலைந்து தாள்களை ஒன்றுள் ஒன்றாக மடித்து வைத்து, மடிப்பில் மூன்றே துளை. நடுத்துளையில் உள்ளிருந்து நுழையும் ஊசி வெளியே வந்து, மேல்துளை வழியாக உள்ளே போய், நடுவைத் தாண்டி ஒரே நீளமாக ஓடிக் கீழ்த்துளையில் வெளியேறி, மறுபடி நடுவுக்குத் திரும்புகிறது. நூலின் இரு முனைகளும் அந்த நீள இழையின் இருபுறமும் வந்து நிற்க, அதன் மேலேயே முடிச்சு. முடிச்சு நடுப்பக்கத்தில், மடிப்பின் ஆழத்தில் தங்கிவிடும். வாசிக்கிறவர் பாதி வழி வந்த பிறகுதான் அதைப் பார்ப்பார். ஓலைச்சுவடிக்குத் துளையிட்டுக் கயிறு கோத்த மரபில் வந்த நமக்கு இந்தத் துளைகள் புதியவையா என்ன? எழுத்தாணி பட்டு ஓலை கிழிந்துவிடுமோ என்று மெய்யெழுத்தின் புள்ளியைக்கூட வைக்காமல் விட்டவர்கள் நம் முன்னோர்கள்.

இந்தக் கைவேலையைப் பதிப்புத் தொழிலாகவே போற்றுகிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். கீதா வுல்ஃப் 1994இல் தொடங்கிய தாரா பதிப்பகத்தின் ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ (2006) நூலைக் கையில் எடுத்தவர்கள் அதை முகர்ந்தும் பார்த்திருப்பார்கள். கையால் செய்த கறுப்புத் தாள். அதன் மேல் பட்டுத்திரை அச்சில் ஒவ்வொரு நிறமாக ஏற்றிய கோண்டு பழங்குடி ஓவியர்களின் மரங்கள். நூலால் தைத்த முதுகு. ஒவ்வொரு பிரதிக்கும் கையால் எழுதிய எண். பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி மூவரும் வரைந்த அந்த மரங்களின் இலைகளைப் பாருங்கள். கோடுகளும் புள்ளிகளும் அலுக்காமல் நிரம்பி இருக்கும். எந்த இரண்டு மரத்திலும் நிரப்பிய விதம் ஒன்றாக இருக்காது. இதைப் பார்த்த பிள்ளை அடுத்து வரையும் தென்னையில் ஓலையை வெறுமனே பச்சையாகத் தீட்டாது.

நம் தோட்டங்களில் புத்தகம் இப்படி ஆடம்பரமாக வந்ததில்லை. 1950களில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு நாளிதழில் வந்த மாணவர் மணிமன்றம் என்ற பகுதிதான் பல இளங்கைகளை எழுத வைத்தது. பள்ளிப் பாடநூல்களோ 1975 முதல் கடனுதவித் திட்டத்தில் வருகிறவை. ஆண்டு முடிவில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால் அட்டை போடுவது ஒரு குடும்பக் கலையானது. பழைய நாள்காட்டித் தாளின் வழவழப்பான வெண்புறம் வெளியே தெரிய, நான்கு மூலையும் சாய்வாக உள்ளே மடிந்து, முதுகில் சுருக்கம் விழாமல், புத்தகம் திறந்து மூட இடம்விட்டு இறுக்குவதில் எத்தனை நேர்த்தி! லயத்து வீட்டுத் தரையில் அக்காக்கள் கற்றுக்கொடுத்த அந்த மூலை மடிப்பை இன்றைய பிளாஸ்டிக் உறைகளால் ஈடு செய்ய முடியாது. இது என் பிடிவாதம், இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்று பிள்ளைகள் தாங்களே தைத்த புத்தகத்தில் என்ன எழுதுகிறார்கள் தெரியுமா? ஆற்றில் பார்த்த முதலை, பாட்டி சொன்ன பேய், வீட்டுப் பூனையின் வாழ்க்கை வரலாறு. எழுத்து வரிசை தவறி ஏறி இறங்கும். படம் பக்கத்தை மீறி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். ஆனால் அட்டையில் மட்டும் ஒரு குறையும் வைக்கமாட்டார்கள். நூலின் பெயர், ஆசிரியர் பெயர், படம் வரைந்தவர் பெயர், எழுதியவரும் வரைந்தவரும் ஒரே ஆளாக இருந்தாலும் மூன்றும் தனித்தனி வரியில். பின்னட்டையில் விலையும் உண்டு. தென்னையைப் பற்றிய ஆறு பக்க நூல் ஒன்றுக்கு ஐம்பது சென். பூனையின் வரலாற்றுக்கு நூறு ரிங்கிட். கேட்டால், “பூனை இன்னும் உசுரோட இருக்கு, ரெண்டாம் பாகம் வரும்” என்று விளக்கமும் கிடைக்கும்.