கென் திருடிய கெண்டை மீன்

தொடக்கப் பள்ளி மூன்றாம் வகுப்பின் அமைதிக் கல்விப் பாடநூலிலிருந்து ‘ஹதாஷி நோ கென்’ காமிக்ஸின் பக்கங்களை நீக்குவதென்று ஹிரோஷிமா நகரக் கல்வி வாரியம் எடுத்த முடிவு 2023 பிப்ரவரியில் வெளியே வந்தது. அணுகுண்டு விழுந்த ஊரே அந்தக் குண்டைப் பற்றிய சித்திரக் கதையைக் கைவிடுகிறதே என்று பலர் கொதித்தார்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் வாரியம் சொன்ன காரணங்களில் பாதி நியாயமானவை. கோளாறு நீக்கியதில் தொடங்கவில்லை, சேர்த்த விதத்திலேயே இருந்தது.

கதை ‘வெறுங்கால் கென்’ என்ற சிறுவனுடையது. வரைந்தவர் கெய்ஜி நகாசாவா. 1945 ஆகஸ்ட் 6 அன்று அவருக்கு ஆறு வயது. பள்ளி வாசலில் நின்றவரைக் கான்கிரீட் சுவர் ஒன்று மறைத்துக் காப்பாற்றியது. அப்பாவும் அக்காவும் தம்பியும் இடிந்த வீட்டுக்கடியில் மாண்டார்கள். டோக்கியோ போய் காமிக்ஸ் வரைந்து பிழைத்தவர், பல ஆண்டுகள் குண்டைப் பற்றி எதுவும் வரையவில்லை. 1966இல் அம்மா இறந்தார். தகனம் முடிந்து பார்த்தால் எலும்புகூட மிஞ்சவில்லை, சாம்பல்தான். எலும்பையும் கதிர்வீச்சு தின்றுவிட்டது என்று அவர் நம்பினார். அந்தக் கோபத்திலிருந்துதான் ‘கென்’ பிறந்தது. 1973இல் சிறுவர்களின் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் தொடராக வரத் தொடங்கி, பிறகு இதழ்கள் மாறி மாறி வளர்ந்து, பத்துத் தொகுதிகளில் முடிந்தது.

முதல் தொகுதியின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். அப்பாவும் அக்காவும் தம்பியும் உத்திரங்களுக்கு அடியில். கென் உத்திரத்தைத் தூக்கிப் பார்க்கிறான், அசையவில்லை. தீ நெருங்குகிறது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடு என்று அப்பா கத்துகிறார். அடுத்து வரும் கட்டங்களில், நிறைமாதக் கர்ப்பிணியான அம்மா எரியும் வீட்டைப் பார்த்துச் சிரிக்கிறாள், புத்தி பேதலித்து. அவளை அங்கிருந்து இழுத்துப் போவது பக்கத்து வீட்டுக் கொரியர். அதுவரை தெருவே ஏளனமாகப் பார்த்த மனிதர் அவர்.

இந்த இடத்தில் நகாசாவா உண்மையில் இல்லை. வீட்டில் நடந்ததை அம்மா சொல்லித்தான் அவர் அறிந்தார். கதையில் மட்டும் தன் சாயலான சிறுவனை அங்கே நிறுத்தினார். ஆகவே இதை அப்படியே சாட்சிப் பத்திரமாக வாசிக்க முடியாது. காமிக்ஸை வரலாற்றுப் பாடமாக வைக்கும் ஆசிரியர் இதை மாணவர்களிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் பாடம் கெட்டுவிடாது. சான்று என்றால் என்ன, புனைவு என்றால் என்ன என்று பேச இதைவிட நல்ல வாய்ப்பு எங்கே கிடைக்கும்?

சரி, பாடநூலுக்கு வருவோம். அதில் கதையின் சில பக்கங்கள் மட்டும் எடுத்துச் சேர்க்கப்பட்டிருந்தன. கர்ப்பிணி அம்மாவின் உடம்பு தேறட்டும் என்று கென் பணக்காரர் வீட்டுக் குளத்தில் கெண்டை மீன் திருடுகிறான். தெருவில் நானிவாபுஷி என்னும் பாட்டுக்கதை பாடிக் காசு கேட்கிறான். திருட்டைப் பிள்ளைகள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும், தெருப்பாட்டு இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாதது, இவற்றை விளக்குவதிலேயே நேரம் போய்விடுகிறது என்றது வாரியம். கேட்டவுடன் சிரிப்பு வரும். ஆனால் அந்தப் பக்கங்களை மட்டும் எட்டு வயதுக் குழந்தையின் கையில் கொடுத்துப் பாருங்கள். இந்தக் குடும்பம் ஏன் பட்டினி கிடக்கிறது, போரை எதிர்த்துப் பேசிய அப்பாவைத் தெருவே ஏன் துரோகி என்கிறது, அரிசி எங்கே போனது என்பதெல்லாம் முன்பக்கங்களில் இருக்கின்றன. அவற்றை வெட்டிவிட்டால் மிஞ்சுவது மீன் திருடும் பையன்தான். முழுக் கதையில் குளத்துக்காரர் விஷயம் தெரிந்ததும் மனம் இளகி மீனைக் கொடுத்துவிடுகிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காமிக்ஸின் பலமே அதன் ஓட்டம். சாதாரண வீட்டுச் சண்டைகளை நூற்றுக்கணக்கான பக்கங்கள் பார்த்துச் சிரித்த பிறகுதான் அந்தத் தீ வாசகனைச் சுடுகிறது. கவிதையைத் துண்டாக எடுத்தால் சில நேரம் தாங்கும், காமிக்ஸ் தாங்காது. வாரியம் இதன் இடத்தில், உயிர் பிழைத்த ஒருவரின் குடும்ப அனுபவத்தைச் சேர்த்தது. பாடத்துக்கு அது வசதியானது. ஆனால் அதை எந்தப் பிள்ளையும் இரவில் போர்வைக்குள் வைத்து வாசிக்கப் போவதில்லை.

நூலகத்தில் நடந்தது வேறு கதை. காமிக்ஸ் என்றாலே முகம் சுளித்த ஜப்பானியப் பள்ளி நூலகங்களில் ‘கென்’ மட்டும் விதிவிலக்காக அலமாரி ஏறியது. பல தலைமுறைப் பிள்ளைகள் அதை அங்கேதான், யாரும் தேர்வு வைக்காமல், கேள்வி கேட்காமல், வாசித்தார்கள். 2012 டிசம்பரில் மட்சுவே நகரில் ஒரு சிக்கல் வந்தது. நூலை நூலகங்களிலிருந்து எடுக்கக் கோரிய மனு ஒன்றை நகர மன்றம் ஏற்கவில்லை. ஆனாலும் அந்நகரக் கல்வி வாரியத்தின் அலுவலகம், பிள்ளைகள் தாமாக எடுக்க முடியாதபடி உள்ளறையில் வைக்கச் சொல்லிப் பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. அதே மாதத்தில் நகாசாவா இறந்தார். 2013 ஆகஸ்டில் நூலை ஒதுக்கிய செய்தி வெளியானதும் எதிர்ப்பு கிளம்பியது. வாரிய உறுப்பினர்களைக் கேட்காமலே செய்யப்பட்டது என்பதால், நடைமுறைத் தவறு என்று சொல்லி அதே மாதம் வாரியம் அதைத் திரும்பப் பெற்றது. உள்ளடக்கத்தைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லாமலே நழுவிவிட்டார்கள்.

அந்தக் கேள்வி வெற்றுக் கேள்வி அல்ல. பிந்தைய தொகுதிகளில் ஜப்பானியப் படைகள் ஆசிய நாடுகளில் செய்த கொடுமைகள், பெண்கள் மீதான வன்முறை உட்பட, அப்பட்டமாக வரையப்பட்டுள்ளன. அவை சிறுவர் இதழில் வந்தவையும் அல்ல. ‘ஜம்ப்’பை விட்டு வெளியேறிய பிறகு, ஆசிரியர் சங்கத்தின் ஏடு உள்ளிட்ட பெரியவர்களுக்கான இதழ்களில் வந்தவை. தொகுதிகளாக ஒரே அலமாரியில் அடுக்கியபோது இந்த வேறுபாடு மறைந்துவிட்டது. அதற்காக அந்தப் பக்கங்களை ஒளிப்பதா? தன் நாட்டை வெறும் பலியாளாகக் காட்டாமல் குற்றவாளியாகவும் காட்டியதுதான் நகாசாவாவின் துணிச்சல். அதைக் கழித்தால் ‘கென்’ அழுகைக் கதையாகிவிடும்.

கலையாகப் பார்த்தால் குறைகள் உண்டு. கதாபாத்திரங்கள் பேசுவதைவிடக் கத்துவது அதிகம். அப்பா பிள்ளைகளை அறைவது வேடிக்கையாகவே வரையப்பட்டிருக்கிறது. பல இடங்களில் ஆசிரியரே பாத்திரத்தின் வாயில் புகுந்து சொற்பொழிவு ஆற்றுகிறார். ஆனால் தோல் உரிந்து தொங்க, கைகளை முன்னே நீட்டி நடந்து வரும் மனிதர்களை அவர் வரைந்த பக்கத்தில் இந்தக் குறைகள் எதுவும் கண்ணில் படாது.

என் தீர்ப்பு இதுதான். பாடநூலில் துண்டாக வைத்தது தவறு. நூலகத்தில் முழுதாக வைத்தது சரி. எந்தத் தொகுதி எந்த வயதுக்கு என்பதைப் பிள்ளைகளை நேரில் அறிந்த நூலகர் தீர்மானிக்கட்டும், சுற்றறிக்கை வேண்டாம். வகுப்புக்குச் சித்திரக் கதை எடுத்துப் போக நினைக்கும் ஆசிரியர்களே, நான்கு பக்கத்தை நகலெடுத்து விநியோகிக்காதீர்கள். ஒரு தொகுதியையாவது முழுதாகக் கொடுத்து, படித்து முடிக்க ஒரு வாரம் விடுங்கள். பிறகு பேசுங்கள்.