தலை எண்ணாத வாடகைச் சட்டம்

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கு. வேற ஒப்பந்தம் இல்லாட்டி அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல் போகக்கூடாது, உள்வாடகைக்கு எழுத்துல சம்மதம் வேணும். ஆனா ஒரு அறையில் எத்தனை பேர்? அதுக்கு எண்ணே இல்லை.

1948 தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளிக்குத் தலா 14.2 கன மீட்டர் கேட்டது. வேலை செய்யும்போது எண்ணப்படுகிற ஆள், தூங்கும்போது எண்ணப்படுவதில்லை.

இங்கிலாந்தில் உரிமம் பெற்ற பகிர்வு வீடுகளில், ஒருவர் படுக்கும் அறை குறைந்தது 6.51 சதுர மீட்டர். அதை அப்படியே காப்பி அடிச்சாலும் சிக்கல்: கூட்டம்னு சொல்லி ஏழைக் குடும்பத்தைக் காலி பண்ணச் சொல்லலாம்.

அதனால வரம்பு, தலைக்கு இவ்வளவுன்னு வாடகை வாங்கும் உரிமையாளருக்கு மட்டும் இருக்கட்டும். அபராதமும் அவருக்கே.