உழைத்த தசையின் ருசி

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் விடும் நேரத்துத் தள்ளுவண்டி பீப் வறுவல், ஆவடியின் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடை, பூந்தமல்லிப் பக்கம் மதியத்துக்குள் காலியாகிவிடும் பீப் பிரியாணி அண்டா. சென்னையின் மேற்குப் புறநகரில் மாட்டுக்கறி பலருக்கு அன்றாடச் சாப்பாடு. ஆனால் விலை குறைவு, வயிறு நிறையும் என்பதோடு அதைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. ஆட்டுக்கறி வாங்கும்போது வெள்ளாடா செம்மறியா என்று விசாரிக்கிறவர்கள்கூட மாட்டுக்கறியை எடை மட்டும் சொல்லி வாங்கி வருகிறார்கள். என்ன மாடு, எந்தத் தசை? ருசியின் பாதி இந்த இரண்டு கேள்விகளில் இருக்கிறது.

நம் தட்டுக்கு வரும் மாடு கறிக்கென்று வளர்த்த மாடு கிடையாது. உழுது, வண்டி இழுத்து, ஓய்ந்தபின் சந்தைக்கு வந்தது. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாமல் போன மாட்டுக்கும், நிரந்தரமாக முடங்கிவிட்ட மாட்டுக்கும்தான் அறுப்புச் சான்று கிடைக்கும். 1976-இல் வந்த அரசாணை பசுவை அறுப்புக்கூடத்திலிருந்து விலக்கியது. மீதம் இருப்பவை எருதும் காளையும் எருமையும். அமெரிக்காவில் ஸ்டேக்குக்குப் போகும் மாடு பெரும்பாலும் இரண்டு வயதையொட்டியே அறுக்கப்படுகிறது. இந்த வயது வித்தியாசத்தின் மேல்தான் நம் மாட்டுக்கறிச் சமையல் முழுவதும் நிற்கிறது.

தசை நார்களைக் கட்டுக்கட்டாகப் பிடித்து வைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். கடையில் ஜவ்வு என்று சொல்வது பெரும்பாலும் அதைத்தான். வயது ஏற ஏற அதன் இழைகளுக்கு இடையே உள்ள பிணைப்புகள் இறுகிக்கொண்டே போகும். கன்றின் ஜவ்வு சீக்கிரம் கரைந்துவிடும். முதிர்ந்த எருதின் ஜவ்வு மணிக்கணக்கில் ஈரச் சூட்டில் கிடந்தால்தான் ஜெலட்டினாக இளகும். அதே வயது இன்னொன்றையும் தருகிறது. உழைத்த தசையில் மயோகுளோபின் என்ற நிறமிப் புரதம் கூடி நிறம் அடர்கிறது, கறிக்கே உரிய வாசமும் ஆழமாகிறது. மென்மையை இழந்த இடத்தில் ருசி ஏறியிருக்கிறது. நம் கறியின் பெருமையே இதுதான்.

அடுத்தது இனம். காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிகுளம், ஆலம்பாடி என்று நம் நாட்டு மாடுகள் எல்லாமே திமில் உள்ளவை, உழைப்புக்குப் பெயர் போனவை. ஜப்பானின் வாக்யுவும் ஸ்காட்லாந்தின் ஆங்கஸும் தசைக்குள்ளேயே கொழுப்பை மெல்லிய கோடுகளாகச் சேர்த்துக்கொள்ளும். நம் மாடுகள் அந்த அளவுக்குச் சேர்ப்பதில்லை. வரிந்த, மெலிந்த, சிவந்த தசை அவற்றினுடையது. இன்னொரு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அறுத்தபின் கறியை மெல்ல இளக வைப்பவை கால்பெயின் என்ற நொதிகள். அவற்றை அடக்கி வைக்கும் கால்பாஸ்டேடின் திமில் மாடுகளின் தசையில் அதிகம். அதனால் இளகல் தாமதமாகிறது. ஆஸ்திரேலியாவின் கறித் தர நிர்ணய முறையில் திமிலின் உயரத்தை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். திமில் உயர்ந்தால், குறிப்பாக முதுகுத் தசைக்கு, மதிப்பெண் குறையும்.

இந்தக் கணக்கோடு கதை முடிந்துவிடவில்லை. சென்னைக்கு வடக்கே நெல்லூர், ஓங்கோல் கரையிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் கப்பலேறிய திமில் மாடுகளின் வழித்தோன்றல்தான் பிரேசிலின் நெல்லோரே இனம். இன்று அந்த நாட்டின் கறிமாட்டு மந்தையில் பெரும்பங்கு அதுவே. அங்கே திமிலைத் தனித் துண்டாக எடுத்து, குப்பிம் என்ற பெயரில், மெல்லிய தணலில் மணிக்கணக்கில் வாட்டி விருந்தில் வைக்கிறார்கள். தசையும் கொழுப்பும் ஜவ்வும் பின்னிக் கிடக்கும் அந்தத் துண்டு பொறுமையாகச் சமைத்தால் வெண்ணெயாக இளகும். மதிப்பெண்ணைக் குறைக்கும் அதே திமில்தான் அங்கே விருந்தின் தலைப்பண்டம்.

எருமைக்குத் தனி இடம் தரவேண்டும். ஆவடியை அடுத்த அலமாதியில் மத்திய அரசின் கால்நடைப் பண்ணை முர்ரா எருமைகளை இனவிருத்தி செய்கிறது. இந்தப் பக்கத்துக்கு எருமை புதிதல்ல. எருமைக்கறி எருதுக்கறியைவிடக் கருஞ்சிவப்பு, கொழுப்பு பளிச்சென்ற வெள்ளை. தீவனத்தில் உள்ள கரோட்டினை எருமை முழுதாக வைட்டமின் ஏ-யாக மாற்றிவிடுவதால் கொழுப்பில் மஞ்சள் தங்குவதில்லை. மாட்டின் கொழுப்பில், அதிலும் ஜெர்சி கலப்பில், மஞ்சள் தெரியும். கடையில் தொங்குவது எது என்று அறிய இந்த நிறம் நல்ல அடையாளம்.

இனி தசைகளுக்கு வருவோம். ஒரே மாட்டுக்குள் பல கறிகள் இருக்கின்றன. முதுகெலும்பின் அடியில் இடுப்போரம் நீளமாகக் கிடக்கும் அண்டர்கட்டுக்கு வாழ்நாளெல்லாம் வேலை குறைவு, ஜவ்வும் குறைவு. கிழ எருதிலும் அது மெத்தென்று இருக்கும். அதிக மசாலா போட்டு அதை மூழ்கடிக்கக் கூடாது. மிளகும் உப்பும் கொஞ்சம் எண்ணெயும் போதும். பின்தொடை பெரிய தசை, நார் நேராக ஓடும், கொழுப்பு கம்மி. நாருக்குக் குறுக்கே மெல்லிசாக வெட்டினால் சுக்காவுக்கும் சில்லி பீப்புக்கும் ஏற்றது. நாரின் போக்கிலேயே வெட்டினால் எந்தக் கைப்பக்குவமும் அதைக் காப்பாற்றாது. பப்பாளிக்காய் விழுது நாரை இளக்கும், ஆனால் அளவு மிஞ்சினால் கறி மாவாகிவிடும்.

நுகம் சுமந்த கழுத்தும் முன்சப்பையும் வேறு ரகம். சிறு சிறு தசைகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஜவ்வுத் தகடு. இவைதான் பிரியாணிக்கும் குழம்புக்கும் உரிய கறி. நெஞ்செலும்பில் கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக வரும். தால்ச்சாவுக்கு அதற்கு மேல் ஒன்றில்லை. கால்சதையும் நல்லியும் கொலாஜன் களஞ்சியம். விடிய விடிய வேகும் பாயாவின் பிசுபிசுப்பு கால்களிலிருந்து வருவது.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துப் பிரியாணி முறை நம் புறநகரில் இத்தனை அழகாகப் பொருந்தியதற்கும் இந்தத் தசைகளே காரணம் என்று நினைக்கிறேன். ஹைதராபாத்தின் கச்சி முறையில் பச்சைக் கறியும் அரிசியும் ஒன்றாக தம்மில் வேகும். அதற்கு இளங்கறி வேண்டும். ஆம்பூர் முறையில் காய்ந்த மிளகாய் விழுதில் கறி முதலில் தனியாக முழுதாக வெந்துவிடும். அரைவேக்காட்டுச் சீரகச் சம்பா பிறகுதான் சேரும். முதிர்ந்த எருதின் கழுத்துக்கறிக்கு வேண்டிய நேரத்தை அந்த முறை மனமாரக் கொடுக்கிறது. இளகிய ஜெலட்டின் சிறு அரிசியைப் பூசிக்கொள்ள, ஒவ்வொரு பருக்கையிலும் கறியின் ருசி ஏறுகிறது.

வீட்டில் சமைப்பவர்கள் மறந்துபோகிற விஷயம் நேரம். விடியலுக்கு முன் அறுத்த மாட்டின் தசை காலையில் விறைத்துக்கொண்டிருக்கும். அப்போதே அடுப்பில் ஏற்றினால் விசில்களின் எண்ணிக்கைதான் கூடும். உடனே உறைபெட்டியில் திணித்தால் தசை சுருங்கி இன்னும் இறுகும். மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஓரிரு நாள் வைத்துச் சமைத்தால் வித்தியாசம் வாயில் தெரியும். கறி மிகவும் கறுத்துப் பிசுபிசுத்தால் வாங்க வேண்டாம். நெடுந்தூரம் நடத்தியும் லாரியில் நெருக்கியும் களைத்துப்போன மாட்டின் தசையில், அறுத்தபின் அமிலமாக மாற வேண்டிய கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்திருக்கும். அமிலம் ஊறாத அந்தக் கறி சீக்கிரம் கெடும். மாட்டைக் கடைசி நாளில் இரக்கத்தோடு நடத்துவது தர்மம் மட்டுமில்லை, அது ருசியிலும் சேர்கிறது.

கறிக்கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தொடையையும் கழுத்தையும் ஒரே குவியலில் கலக்காமல் தசைவாரியாகப் பிரித்து வையுங்கள். வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: "பாய், ஒரு கிலோ" என்பதோடு நிறுத்தாதீர்கள். "பிரியாணிக்கு, கழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். ஆயுள் முழுக்க உழைத்த ஒரு பிராணியின் ஒவ்வொரு தசைக்கும் உரிய சமையலைக் கொடுப்பதுதான் அதற்கு நாம் செய்யக்கூடிய மரியாதை.